கவைக்கோலும் கிணற்று நீரும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலின் ஓரத்தில், பாறை முனைகளுக்கிடையே வளைந்து கிடக்கும் ஊர் விழிஞ்ஞம். ஒரு காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கிய இவ்வூரில், 2025ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிவைக்கப்பெற்ற புதிய துறைமுகத்திற்கு மாபெரும் சரக்குக் கப்பல்கள் வந்து செல்கின்றன. கடல் இத்துணை அருகில் இருந்தும், அல்லது இருப்பதனாலேயே, குடிநீர் இங்கு எளிதில் கிடைக்கும் பொருளன்று. கடலலையின் விசையிலிருந்து மின்சாரம் எடுக்கும் சோதனை நிலையம் ஒன்று 1991ஆம் ஆண்டில் இங்கு இயங்கத் தொடங்கிற்று. பிற்காலத்தில் அதே நிலையத்தில் கடல்நீரை நன்னீராக்கும் முயற்சியும் நடைபெற்றது. அந்நிலையம் இப்பொழுது இயங்கவில்லை. வீட்டுக்கு நீர் வேண்டுமெனில் குழாயை நம்ப வேண்டும், அல்லது கிணறு வெட்ட வேண்டும்.

கேரளத்தில் வீடு என்றால் கிணறும் உடன் எண்ணப்படும். கடற்கரைப் பகுதியில் சதுரக் கிலோமீட்டர் ஒன்றுக்குச் சராசரியாக 200 திறந்த கிணறுகள் உள்ளன எனக் கணக்கிட்டுள்ளனர். மனை வாங்கியவர் பெரும்பாலும் அடித்தளம் இடுவதற்கு முன்பே கிணற்றை வெட்டிவிடுகிறார்; கட்டட வேலைக்கு வேண்டிய நீரும் அதிலிருந்தே வரவேண்டும் அன்றோ? அப்பொழுது எழும் முதல் வினா, எங்கே வெட்டுவது என்பதே. இதற்கு விடை காண்பதை மலையாளத்தில் ‘ஸ்தானம் காணுதல்’ என்பர். தமிழ்நாட்டில் ‘நீரோட்டம் பார்த்தல்’ என்பது வழக்கு. மனையின் வடகிழக்கில் மீன ராசிக்குரிய இடம் கிணற்றுக்கு உகந்தது என்று தச்சர் சொல்வது ஒரு வகை. கையில் ஏதேனும் ஒரு பொருளை ஏந்தி நிலத்தின்மீது நடந்து, அப்பொருள் அசையும் இடத்தில் நீர் உண்டு என்று சொல்வது மற்றொரு வகை. இக்கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

ஏந்தும் பொருள் ஆளுக்கு ஆள் மாறும். கவட்டை போலக் கிளைத்த பச்சைக் குச்சி மிகப் பழைய கருவி. சிலர் முனையில் வளைத்த இரு செப்புக் கம்பிகளைக் கைக்கொன்றாகப் பிடிக்கின்றனர். சிலர் நூலில் கட்டிய குண்டைத் தொங்கவிடுகின்றனர். சிலர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்தி அது நிமிர்ந்து நிற்கும் இடத்தைக் குறிக்கின்றனர். கருவி எதுவாயினும் நிகழ்வது ஒன்றே: நடப்பவர் தாமாக எதுவும் செய்யாமலிருக்க, பொருள் தானாக அசைவது போன்ற தோற்றம். இக்கட்டுரையை எழுதுபவனும் ஒரு முறை வேப்பங்கவையைப் பிடித்து நடந்து பார்த்ததுண்டு. குச்சி அசைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைத் தடுக்க முயன்றபோது மேலும் வேகமாகத் திரும்பி, உள்ளங்கைத் தோல் கன்றிப் போயிற்று. இதனை நேரில் கண்டவர்கள் இவ்வழக்கத்தை நம்புவதில் வியப்பொன்றும் இல்லை; நீரோட்டம் பார்ப்பவர்களுள் பெரும்பாலோர் பிறரை ஏமாற்றுபவர்களும் அல்லர். ஆயினும், குச்சி அசைகிறதா என்பது ஒரு கேள்வி. அசையும் இடத்தில் மட்டும் நீர் இருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் செய்தி முழுவதும் அடங்கியுள்ளது.

‘நீரோட்டம்’ என்னும் சொல்

அறிவியலைத் தமிழில் எழுதுவோருக்குச் சொற்கள் சில சமயம் துணை செய்யும். சில சமயம் வழியை மறிக்கும். ‘நீரோட்டம்’ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நிலத்தின் அடியில் ஆறு போன்றோ உடலின் நரம்பு போன்றோ நீர் குறுகிய பாதைகளில் ஓடுகிறது, அப்பாதையின் நேர் மேலே தோண்டினால் நீர், ஓர் அடி தள்ளித் தோண்டினால் வறட்சி என்னும் கொள்கை அச்சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இக்கொள்கை மிகப் பழையது. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைப் பற்றித் தனி அத்தியாயம் ஒன்றே எழுதியுள்ளார். மனித உடலில் நாளங்கள் இருப்பது போல் நிலத்திலும் நீர் நாளங்கள் மேலும் கீழுமாக இருக்கின்றன என்று அவர் தொடங்குகிறார். ஆனால் அவர் கூறும் அடையாளங்களில் கவைக்கோலுக்கு இடமில்லை. நாவல், மருது, அத்தி முதலிய மரங்கள், அவற்றின் அருகில் உள்ள கறையான் புற்று, தோண்டும்போது வெளிப்படும் மண்ணின் நிறம், தவளை ஆகியவற்றையே அவர் கூறுகிறார். இவற்றில் எல்லாம் பொருந்தும் எனச் சொல்வதற்கில்லை. எனினும் நிலத்தைக் கூர்ந்து நோக்கிய கண் ஒன்று அங்கே தெரிகிறது. ஆழமாக வேர்விடும் மரம் கோடையிலும் பசுமையாக நிற்கிறதென்றால் அதன் வேர் எட்டும் தொலைவில் ஈரம் உண்டு என்று எண்ணுவதில் தவறில்லை.

கவைக்கோலின் வரலாறு ஐரோப்பியச் சுரங்கங்களில் தொடங்குகிறது. ஜெர்மனியில் உலோகத் தாதுக்களைத் தேடியவர்கள் அதனைப் பயன்படுத்தியதை அக்ரிகோலா என்னும் அறிஞர் 1556ஆம் ஆண்டில் வெளியான சுரங்க நூலில் படத்துடன் விளக்கியுள்ளார். தேர்ந்த சுரங்கத் தொழிலாளிக்கு அது தேவையில்லை, நிலத்தின் இயற்கை அடையாளங்களே போதும் என்பது அவர் முடிவு. நம் நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சியின்போது, 1925ஆம் ஆண்டையொட்டிய வறட்சிக் காலங்களில், மேஜர் போக்ஸன் என்ற படை அதிகாரி பம்பாய் மாகாணத்தில் அரசாங்கத்தின் நீர் காண்பவராகவே அமர்த்தப்பட்டிருந்தார். அவர் குறித்த இடங்களில் பெரும்பாலானவற்றில் நீர் கிடைத்தது என்னும் செய்தி கவைக்கோலை ஆதரிப்பவர்களால் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது ஒரு வினாவைத் தவறாமல் கேட்க வேண்டும்: அவர் குறிக்காத இடங்களில் தோண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

விழிஞ்ஞத்து நிலம்

இவ்வினாவை விழிஞ்ஞத்தின் மனை ஒன்றில் வைத்துக் கேட்டுப் பார்ப்போம். கடற்கரையிலிருந்து மேடேறிச் செல்பவர் முதலில் காண்பது மணல். அதற்கு அப்பால் சிவந்த மேடு. வீடு கட்டுவதற்கு அறுத்தெடுக்கும் வெட்டுக்கல்லால் ஆன மேடு அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புக்கானன் என்பவர் மலப்புறத்தைச் சேர்ந்த அங்காடிப்புறத்தில் இக்கல்லைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘லாட்டரைட்’ என்று பெயரிட்டார். உலகெங்கும் வழங்கும் அப்பெயரின் பிறப்பிடம் கேரளமே. பாறையின்மீது நெடுங்காலமாகப் பெய்த மழை, கரையக்கூடிய பொருள்களைக் கழுவிக்கொண்டு போக, எஞ்சிய இரும்பும் அலுமினியமும் இறுகி உண்டானது இக்கல். உடைத்துப் பார்த்தால் தேன்கூடு போலக் குழாய்களும் பொந்துகளும் தென்படும். அதன் கீழே வெள்ளையும் மஞ்சளும் கலந்த வழுவழுப்பான களிமண், இவ்வட்டாரத்தில் சேடிமண் எனப்படுவது. அதற்கும் கீழே சிதைந்த பாறை; கடைசியாகக் கடற்கரை முனைகளில் வெளியே தலைகாட்டும் அதே கெட்டிப் பாறை. கோண்டலைட் என்பது அதன் பெயர்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மி.மீ. மழை பெய்கிறது. கேரளத்தின் வட மாவட்டங்களை நோக்க இது குறைவே. ஆயினும் இடவப்பாதி, துலாவர்ஷம் என இரு பருவங்களிலும் பெய்கிறது. வெட்டுக்கல்லின் பொந்துகள் வழியே மழைநீர் விரைந்து இறங்குகிறது. களிமண் அதனைத் தாமதப்படுத்துகிறது. கெட்டிப் பாறை தடுத்து நிறுத்துகிறது. இவ்வாறு நின்ற நீர், மேட்டின் அடியில் பஞ்சில் ஊறிய நீர் போல, இடைவெளியின்றிப் பரவிக் கிடக்கிறது. இதுவே நிலத்தடி நீர்மட்டம் எனப்படுவது. அது ஓர் ஓடையன்று, நரம்புமன்று. மேடு உயரும் இடத்தில் சற்று உயர்ந்தும் கடலை நோக்கிச் சற்றுத் தாழ்ந்தும் செல்லும் விரிப்பு ஒன்றையே அதற்கு உவமை சொல்லலாம். கிணறு தோண்டுபவர் ஒரு பக்கத்துச் சுவரிலிருந்து நீர் கசிந்து வருவதைக் கண்டு ‘ஊற்றுக்கண் திறந்தது’ என்கிறார். உண்மையில் நீர் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. பொந்து பெரிதாக உள்ள பக்கத்தில் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே.

இனி கணக்கு எளிது. இத்தகைய மேட்டில் நூறு இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்துப் போதிய ஆழம் தோண்டினால், தொண்ணூறு இடங்களில் ஏதேனும் நீர் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது கவைக்கோல் ஏந்தி நூறு இடங்களைக் குறிப்பவருக்கும் தொண்ணூறு வெற்றிகள் கிட்டும். அவருடைய புகழ் ஊரெங்கும் பரவும். தவறிய பத்துக்கும் ‘இன்னும் நான்கு அடி தோண்டியிருக்க வேண்டும்’ என்றோ ‘தோண்டியவர் இடம் தவறிவிட்டார்’ என்றோ சமாதானம் கிடைக்கும். மீன ராசியில் தோண்டிய தச்சருக்கும் இதே வெற்றிதான். கல்லெறிந்து அது விழுந்த இடத்தில் தோண்டுபவருக்கும் இதே வெற்றிதான். ஆனால் அவரை யாரும் அழைப்பதில்லை.

குச்சி ஏன் அசைகிறது?

கவைக்கோலைப் பிடிக்கும் முறையைக் கவனித்தால் விடை பாதி விளங்கிவிடும். உள்ளங்கைகள் மேல்நோக்கியிருக்க, கவையின் இரு கிளைகளையும் வெளிப்புறமாக வளைத்து இழுத்துப் பிடிக்கின்றனர். இப்பொழுது குச்சி, நாணேற்றிய வில் போல விசையைச் சேமித்து வைத்திருக்கிறது. ஊசிமுனையில் நிற்பது போன்ற சமநிலை அது. மணிக்கட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பினாலும் சேமித்த விசை முழுவதும் ஒரே நொடியில் வெளிப்பட்டுக் குச்சி சுழல்கிறது. இறுகப் பிடித்துத் தடுக்க முயன்றால் கிளைகள் மேலும் வளைந்து, விசை கூடுகிறது. மேலே கூறிய தோல் கன்றலுக்குக் காரணம் இதுவேயன்றி நிலத்தடி நீர் அன்று. வளைந்த கம்பிகளும், நூலில் தொங்கும் குண்டும், உள்ளங்கைத் தேங்காயும் இவ்வாறே சிறு அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்புகள்.

மணிக்கட்டை யார் திருப்பினார்? பிடித்திருப்பவரே; ஆனால் அவர் அறியாமல். பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செவ்ருல், நூலில் தொங்கும் குண்டு பாதரசத்தின் மீது ஆடுவதைக் கண்டு தாமே அதனைச் சோதித்தார். கண்ணைத் திறந்திருக்கும்போது ஆடிய குண்டு, கண்ணைக் கட்டிக்கொண்டபோது நின்றுபோயிற்று. ஆடும் என்ற எண்ணமே தம் கையை ஆட்டியது என்று அவர் 1833ஆம் ஆண்டில் ஆம்பியருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். எண்ணம் தசையைத் தூண்டும் இவ்வியல்புக்கு 1852ஆம் ஆண்டில் கார்ப்பென்டர் என்ற ஆங்கில உடலியல் அறிஞர் தனிப் பெயரும் இட்டார். பள்ளமான இடத்தையோ, பசுமையான செடியையோ, பக்கத்து வீட்டுக் கிணற்றையோ கண் பார்க்கிறது; ‘இங்கே இருக்கலாம்’ என்று மனம் சொல்கிறது; கை கேட்டுவிடுகிறது. நீண்ட காலம் கிணற்று வேலையுடன் பழகிய ஒருவர் நல்ல இடத்தைக் குறிக்க நேர்ந்தால் அதற்குக் காரணம் அவருடைய அனுபவமே. அந்த அனுபவத்தைக் குச்சியின் துணையின்றி நேராகக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார் என்பது என் எண்ணம்.

இவ்விளக்கம் சரியாயின், கண்ணுக்கு எந்த அடையாளமும் தெரியாதபடி செய்துவிட்டால் கவைக்கோல் தோற்க வேண்டும். ஜெர்மனியில் மியூனிக் நகரத்தை அடுத்து 1987, 1988ஆம் ஆண்டுகளில் இச்சோதனை பெரிய அளவில் நடைபெற்றது. ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் நீர்க்குழாய் பொருத்திய வண்டியை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிறுத்தினர்; மேல்தளத்தில் 10 மீட்டர் நீளக் கோட்டில் நடந்து குழாய் இருக்குமிடத்தைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 500 பேரை முதலில் ஆராய்ந்து, அவர்களுள் திறமை மிக்கவர் எனக் கருதிய 43 பேரைக் கொண்டு 843 முறை சோதித்தனர். சோதனையை நடத்தியவர்கள் ஒரு சிலரிடம் உண்மையான ஆற்றல் இருப்பதாக அறிவித்தனர். ஆனால் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்கிட்ட என்ரைட் என்ற அமெரிக்க அறிஞர், குழாய் எப்பொழுதும் கோட்டின் நடுவில் இருக்கிறது என்று கண்மூடித்தனமாகச் சொல்பவரைவிட மிகச் சிறந்தவர் அடைந்த மேன்மை, 10 மீட்டர் தொலைவில் சராசரியாக 4 மில்லிமீட்டர் மட்டுமே என்று காட்டினார். நான்கு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு கிணறு வெட்ட இயலாது. 1990ஆம் ஆண்டில் காஸல் நகரில் 30 பேரைக் கொண்டு, புதைத்த குழாயில் நீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் கேட்ட சோதனையிலும், நாணயத்தைச் சுண்டிப் பார்த்தால் கிடைக்கும் விடைக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும் பழக்கம் எளிதில் விடுவதில்லை: இங்கிலாந்தில் 12 குடிநீர் நிறுவனங்களுள் 10, தங்கள் ஊழியர்களில் சிலர் இன்றும் வளைந்த கம்பிகளைப் பயன்படுத்துவதாக 2017ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டபோது அந்நாட்டு விஞ்ஞானிகள் வியந்து போயினர்.

நம் மனையிலும் இச்சோதனையைச் செலவின்றிச் செய்யலாம். நீரோட்டம் பார்ப்பவர் ஓர் இடத்தைக் குறித்தவுடன் அதனைப் பிறர் அறியாதபடி அடையாளமிட்டுக்கொண்டு, அவர் இசைந்தால் கண்ணைக் கட்டி, வேறு திசையிலிருந்து மறுபடி நடக்கச் சொல்லலாம். பெரியவரை அவமதிப்பது போலத் தோன்றாதபடி முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். அதே இடத்தில் குச்சி மறுபடி தாழ்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கெட்டிப் பாறையும் உப்பு நீரும்

இதுவரை கூறியதைப் படித்தவர், எங்கு தோண்டினாலும் நீர் கிடைக்குமெனில் கவைக்கோலால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நட்டம் இரண்டு இடங்களில் வருகிறது.

முதலாவது, ஆழ்துளைக் கிணறு. கோடையில் திறந்த கிணறு வற்றினால் வீட்டார் துளையிடும் இயந்திரத்தை அழைக்கின்றனர். 2016ஆம் ஆண்டில் இரு பருவமழைகளும் பொய்த்து, கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டபோது பல ஊர்களில் நிகழ்ந்தது இதுவே. வெட்டுக்கல்லையும் களிமண்ணையும் கடந்து கெட்டிப் பாறைக்குள் சென்றுவிட்டால், மேலே கூறிய ‘விரிப்பு’ முடிந்துவிடுகிறது. பாறை நீரை உறிஞ்சாது. அதன் வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்கும். இங்கே, இங்கே மட்டும், ‘இவ்விடத்தில் நீர், பத்தடி தள்ளி வறட்சி’ என்பது உண்மையாகவே நிகழக்கூடும். ஆகவே கவைக்கோலுக்கு உண்மையான தேர்வு நடைபெறும் இடம் இது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1918ஆம் ஆண்டு முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் துளைக்கிணறுகளைப் பற்றி வைத்திருந்த கணக்கின்படி, கவைக்கோல் கொண்டு குறித்த துளைகளில் முற்றிலும் பயனற்றுப் போனவை நூற்றுக்கு ஏறத்தாழ 15; கவைக்கோல் இன்றிக் குறித்தவற்றில் ஏறத்தாழ 7. குச்சி கெடுதல் செய்தது என்று இதற்குப் பொருளன்று. உதவி செய்யவில்லை என்பது போதிய தெளிவு. துளையிடும் கூலி மீட்டர் கணக்கில் ஏறுகிறது. நீர் வராவிட்டாலும் அதனைக் கொடுத்தாக வேண்டும். கடன் வாங்கித் துளையிட்ட குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று.

இரண்டாவது நட்டம் விழிஞ்ஞம் போன்ற கடலோர ஊர்களுக்கே உரியது, மேலும் நுட்பமானது. கடற்கரை மணலில் சில மீட்டர் தோண்டினால் எவருக்கும் நீர் கிடைக்கும். அந்த நீர் மழைநீர்; கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகையால் மணலுக்குள் புகுந்துள்ள கடல்நீரின்மீது, நீரில் எண்ணெய் மிதப்பது போல, மிதந்து நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்து நாட்டுக் கைபனும் ஜெர்மனி நாட்டு ஹெர்ஸ்பெர்கும் தனித்தனியே கண்டறிந்த விதி இதனை அளவிட்டுச் சொல்கிறது: நன்னீர் கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். கேட்பதற்கு இனிய செய்திதான். அதையே தலைகீழாகப் படித்தால் அச்சம் தரும்: மின்விசைக் குழாயால் மிகுதியாக இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், நாளடைவில் கீழே உள்ள உப்பு நீர் நாற்பது அடி மேலேறி வர முனைகிறது. உண்மையில் இரு நீருக்கும் இடையே கூர்மையான கோடு இல்லை. கலப்பு நீர்ப்பட்டை ஒன்று உண்டு. எனவே உவர்ப்பு இதற்கு முன்பே தட்டத் தொடங்கும்.

எவ்வளவு கடல்நீர் கலந்தால் கெடும்? கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்றுக்கொள்ளும் அளவு 250 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காதபோது 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நூறு குடம் நன்னீரில் ஒன்றரைக் குடம் கடல்நீர் சேர்ந்தாலே முதல் எல்லை கடந்துவிடுகிறது. கவைக்கோல் தாழ்ந்த இடத்தில் நீர் இருந்தது மெய். முதல் ஆண்டில் அது இனித்ததும் மெய். மூன்றாம் கோடையில் அரிசி வேகாமல் போனபோது குச்சியைக் குறை சொல்வார் எவரும் இல்லை. ஏனெனில் அது நீரைக் காட்டுவதாக மட்டுமே சொல்லிற்று. நீரின் அளவையோ, கோடை நிலையையோ, உப்பையோ, தூய்மையையோ பற்றி அது வாய் திறக்கவில்லை. ஒரு வீட்டுக்கு வேண்டிய செய்திகளோ இவையே.

தூய்மையைப் பற்றி ஒரு சொல். கேரளக் கடற்கரையின் நெருக்கமான குடியிருப்புகளில் கிணற்று நீரில் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் பரவலாகக் காணப்படுகின்றன. கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. மூன்று நான்கு சென்டு மனையில் வீடு, கழிவறை, கிணறு மூன்றையும் வைத்து, அண்டை வீட்டுக் குழியையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், கிணற்றுக்கு எஞ்சும் இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அவ்விடத்தைக் காட்டுவதற்கு அளவு நாடாவே போதும். நாடா விலக்கும் இடத்தில் குச்சி தாழ்ந்தாலும் மீன ராசி அமைந்தாலும் அங்கே வெட்டலாகாது.

வேறு வழி யாது?

நிலத்தடி நீரைத் தேடும் கருவிகளுள் மின்தடை அளவீடு இன்று மிகுதியாகப் பயன்படுகிறது. நிலத்தில் நான்கு இரும்பு முளைகளை ஒரே நேர்கோட்டில் அடித்து, வெளி முளைகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்தத்தை அளக்கின்றனர். முளைகளை விலக்கிக்கொண்டே போனால் மின்னோட்டம் மேலும் மேலும் ஆழத்திற்குச் செல்லும். உலர்ந்த கெட்டிப் பாறை மின்னோட்டத்தை வன்மையாகத் தடுக்கும். நீர் நிறைந்த சிதைந்த பாறை எளிதில் விடும். இக்கருவிக்கும் குறையுண்டு. நீர் தராத ஈரக் களிமண்ணும், குடிக்கத் தகாத உப்பு நீரும் மின்னோட்டத்தை மிக எளிதில் விட்டுவிடுகின்றன. கருவியின் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ‘நல்ல நீர்’ போலவே தோன்றும். அண்டைக் கிணறுகளின் மண் அடுக்கையும் நீரின் சுவையையும் அறிந்த நிபுணரே அவ்வெண்களைப் படிக்க வல்லவர். கருவி தவறுவதுண்டு, ஆனால் தவறியபோது ஏன் தவறியது என்று கண்டுபிடித்து அடுத்த முறை திருத்திக்கொள்ள முடிகிறது. கேரள அரசின் நிலத்தடி நீர்த் துறை, மாவட்ட அலுவலகங்கள் வழியே, கட்டணம் பெற்றுக்கொண்டு கிணற்றுக்கு இடம் ஆராய்ந்து சொல்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கேரள வட்டார அலுவலகமும் திருவனந்தபுரத்திலேயே உள்ளது. வாரியம் நாடெங்கும் தேர்ந்தெடுத்த கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை அளந்து வருகிறது.

திறந்த கிணற்றுக்கு இவ்வளவும் தேவைப்படாது. அண்டை அயலில் உள்ள ஐந்தாறு கிணறுகளே சிறந்த கருவிகள். ஒரு நூலில் கல்லைக் கட்டி இறக்கி, தரையிலிருந்து நீர் வரை உள்ள ஆழத்தையும், நீரிலிருந்து அடி வரை உள்ள ஆழத்தையும் தனித்தனியே அளந்துகொள்ள வேண்டும். அதே கிணறுகளை மழைக்காலத்தில் ஒரு முறையும், மேட மாதத்தில், அஃதாவது ஏப்ரல் பிற்பாதியிலிருந்து மே நடு வரையுள்ள நாட்களில் ஒரு முறையும் அளந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நம் கிணறு கோடையில் எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்லிவிடும். வெட்டுக்கல் மேட்டில் இவ்வேறுபாடு பெரிதாக இருக்கும். பொந்துகள் நீரை விரைந்து வாங்கியது போலவே விரைந்து விட்டுவிடுகின்றன. கடற்கரை மணலில் வேறுபாடு சிறியது. அங்கே அளக்க வேண்டியது உப்பு. ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் ஒரு குப்பி நீரை மேட மாதத்தில் எடுத்து ஆய்வுக்கூடத்தில் குளோரைடும் நுண்ணுயிரும் பார்க்கச் செய்தால், எந்தத் திசையில் நீர் நன்றாக இருக்கிறது என்பது தாளில் தெரிந்துவிடும்.

கிணறு வெட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. நூறு சதுர மீட்டர் கூரையின்மீது இம்மாவட்டத்தின் ஆண்டு மழை முழுவதும் விழுந்தால் அது 1,80,000 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,44,000 லிட்டர் எஞ்சும். இதனை மணலும் கரியும் இட்ட வடிகட்டி வழியே கிணற்றுக்குள் விடும் திட்டம் ‘மழப்பொலிம’ என்னும் பெயரில் 2008ஆம் ஆண்டில் திருச்சூர் மாவட்டத்தில் தொடங்கிற்று. கடலோரத்தில் இதற்குக் கூடுதல் பயன் உண்டு: நன்னீர் ஓர் அடி உயர்ந்தால் உப்பு நீர் நாற்பது அடி தாழ வேண்டும் என்ற அதே விதி, இம்முறை வீட்டாருக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

கேரளத்தின் கிணற்று வேலைக்காரர்கள் நெடுங்காலமாகக் கோடையின் உச்சத்தில்தான் வேலையைத் தொடங்குகின்றனர். அடியில் நெல்லிமரப் பலகை இடுவதும், அது நீருக்குச் சுவை கூட்டும் என்பதும் அவர்களுடைய வழக்கம். சுவையைப் பற்றிய பேச்சு எவ்வாறாயினும், கோடையில் தோண்டும் வழக்கம் மிகச் சரியானது. மேடத்தில் நீர் கண்ட பிறகு மேலும் இரண்டு மீட்டராவது இறைத்துக்கொண்டே தோண்டி உறை இறக்கிவிட்டால் கிணறு பெரும்பாலும் வற்றுவதில்லை. கடலை ஒட்டிய மணலில் மட்டும் இவ்வளவு ஆழம் வேண்டாம்: அங்கே ஆழத்தைக் குறைத்து, வாயை அகலமாக்கி, ஒரே நேரத்தில் முழுவதும் இறைத்துவிடாமல் காலையும் மாலையும் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்வதே முறை.